பிழை யாருடையது, பலன் யாருடையது?

பெரிய நிறுவனம் எதற்குள் நுழைந்தாலும் வரவேற்பறையில் ஒரு பலகை நம்மை எதிர்கொள்கிறது. நேர்மை, தரம், வாடிக்கையாளர் நலன் என்னும் சொற்களின் வரிசையில் ‘புதுமை’ என்ற சொல்லும் அதில் தவறாமல் இடம்பெற்றிருக்கும். ஊழியர்களின் படைப்பாற்றலை வளர்ப்பது எப்படி என்று கற்பிக்கும் பயிற்சி முகாம்களும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. வட்டமாக அமர்ந்து மனத்தில் தோன்றியதைத் தயக்கமின்றிக் கூறுங்கள் என்கிறார்கள். வண்ணத் தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்கிறார்கள். இவற்றைக் குறைகூறுவது என் நோக்கம் அன்று; நானும் அத்தகைய தாள்களை ஒட்டியவன்தான்.

ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சாலையில் பணியாற்றிய பின்னர், இம்முகாம்களில் எவரும் எழுப்பாத ஒரு கேள்வியே முதன்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பவன் தவறக்கூடும். தவறினால் அந்தச் சுமையை ஏற்பது யார்? அது வெற்றி பெற்றால் அந்தப் பெருமை சென்று சேர்வது யாரிடம்? இவ்விரண்டுக்கும் ஒரு பணியிடத்தில் என்ன விடை வழங்குகிறது என்பதை அங்கு வேலை செய்வோர் ஒரு மாதத்திற்குள் அறிந்துகொள்கிறார்கள். பலகையில் எழுதியிருப்பதை அவர்கள் படிப்பதில்லை.

மழைக்காலத்தில் ஒரு சங்கிலி

மும்பையில் செம்பூரிலிருந்து டிராம்பே நோக்கிச் செல்லும் வழி நெடுகிலும் உரம், பெட்ரோலியம், வேதிப்பொருள் எனத் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கும். 1980களின் பிற்பகுதியில் அவ்வட்டாரத்து ஆலை ஒன்றில் நான் ஒரு பிரிவின் பொறுப்பாளனாக இருந்தேன். வெண்ணிறப் பொடி ஒன்றை அரைத்து மூட்டைகளில் நிரப்புவது எங்கள் பிரிவின் வேலை. உயரத்தில் கூம்பு வடிவான ஒரு தகரத் தொட்டி இருக்கும். ஆலையில் அதனை ஹாப்பர் என்பார்கள். மேலே கொட்டப்படும் பொடி தன் எடையாலேயே கீழிறங்கி மூட்டைக்குள் விழவேண்டும். மற்ற மாதங்களில் அப்படியே விழும். ஜூன் பிறந்துவிட்டால் தொல்லை தொடங்கும். மும்பையின் ஈரக்காற்றில் பொடி ஈரம் ஏற்று, தொட்டியின் கழுத்தில் ஒரு பாலம்போல் இறுகி நின்றுவிடும். ஒருவர் ஏணியில் நின்று மரச்சுத்தியலால் தொட்டியைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். செப்டம்பர் முடியும்வரை அந்த ஓசை ஓயாது. தகரம் முழுவதும் அம்மைத் தழும்புபோல் குழிவிழுந்திருந்தது. குழிகளால் பொடி இன்னும் எளிதாகத் தேங்கியது. அதற்காக இன்னும் பலமாகத் தட்டினோம்.

தாராவியிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வரும் ஒரு தொழிலாளி அந்தத் தொட்டியைக் கவனித்துக்கொண்டார். பாட்டனார் காலத்திலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம் அவருடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது சுத்தியல் ஓசை கேட்கவில்லை. இயந்திரம் நின்றுவிட்டதென்று எண்ணி விரைந்தேன். பொடி தடையின்றி விழுந்துகொண்டிருந்தது. முந்தைய இரவு அவர் தொட்டியின் வாயில் குறுக்காக ஒரு கம்பியை வைத்து, அதிலிருந்து மூன்று துண்டுச் சங்கிலிகளை உள்ளே தொங்கவிட்டிருந்தார். கம்பியின் ஒரு முனையில் கயிறு கட்டி வெளியே விட்டிருந்தார். பொடி தேங்கும்போது கீழே நின்றபடியே கயிற்றை இரண்டு முறை ஆட்டினால் போதும். சங்கிலிகள் அசைந்து பாலத்தை உடைத்துவிடும்.

“எண்ணெய்ப் பசை இருக்குமே, பொடியில் கலக்காதா?” என்று கேட்டேன். “மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பாய்லர் அறையில் இரண்டு நாள் காயவைத்துத்தான் சார் மாட்டினேன்” என்றார்.

அன்று மாலையே அவருக்கு ஒரு மெமோ கொடுத்தேன். அனுமதியின்றி இயந்திரத்தில் மாற்றம் செய்ததற்கு விளக்கம் கேட்கும் கடிதம் அது. சங்கிலி கழற்றப்பட்டது. சுத்தியல் மீண்டும் ஒலித்தது. நான் செய்தது விதிப்படி சரியானதே. அதைப்பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன். சரியல்லாதது அடுத்து நடந்தது. இரண்டு மாதங்கள் கழித்து, ஒவ்வொரு பிரிவும் தான் செய்த முன்னேற்றம் ஒன்றை எழுதி அனுப்பவேண்டும் என்று தலைமை அலுவலகம் கேட்டது. நான் அந்தத் தொட்டியை அழகாக வரைந்து, துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலியுடன், அளவுகள் குறித்து, பாதுகாப்பு அதிகாரியின் கையொப்பமும் பெற்று அனுப்பினேன். யோசனை ஏற்கப்பட்டது. ஆண்டு விழாவில் என் பெயரை அழைத்து ஒரு சுவர்க்கடிகாரம் தந்தார்கள். கீழே அமர்ந்திருந்தவர்களுள் அவரும் ஒருவர். அவரும் கைதட்டினார்.

அந்நாளில் என் மனச்சாட்சிக்கு நான் சொல்லிக்கொண்ட சமாதானத்தை இங்கே எழுதவேண்டும், ஏனெனில் இக்கட்டுரையே அதைப் பற்றியதுதான். ‘பலனை எதிர்பாராமல் பணி செய்வதல்லவா உயர்ந்தது? அவர் எதையும் கேட்கவில்லையே!’ என்று எண்ணிக்கொண்டேன். ஞாயிறுதோறும் மாட்டுங்காவில் கீதை வகுப்புக்குச் சென்றுவந்தவன் நான்.

குன்றுக்கு அப்பால்

எங்கள் ஆலையிலிருந்து பார்த்தால் டிராம்பே குன்று தெரியும். அதன் மறுபுறம் கடலோரத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1955இல் ஹோமி பாபாவும் அவருடைய இளம் சகாக்களும் நீர்த்தொட்டியில் மூழ்கியிருக்கும் வகையைச் சேர்ந்த ஓர் அணு உலையைத் தாங்களே கட்டுவதென்று முடிவுசெய்தார்கள். எரிபொருளை மட்டும் பிரிட்டன் தந்தது. 1956 ஆகஸ்ட் 4 அன்று அவ்வுலை இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டு ஜனவரியில் நேரு அதற்கு அப்ஸரா என்று பெயரிட்டார். 2009இல் அதன் இயக்கம் நிறுத்தப்பட்டது. பின்னர்ப் புதுப்பிக்கப்பட்ட அப்ஸரா 2018 செப்டம்பரில் மீண்டும் உயிர்பெற்றது.

அணுசக்தியைப் பற்றிப் பலருக்குப் பலவிதக் கருத்துகள் உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் செல்லவில்லை. அங்கே வேலை எவ்வாறு ஒப்படைக்கப்பட்டது என்பதே நமக்கு வேண்டியது. உலையைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்கிவிடலாம் என்பது எளிய வழியாக இருந்தது. பாபா அப்பொறுப்பை ஏ. எஸ். ராவின் தலைமையில் இயங்கிய குழுவிடம் விட்டார். அணு உலை எதையும் அதற்குமுன் கட்டியிராதவர்கள் அவர்கள். அந்தச் சிறு குழுவின் தொடர்ச்சியாகவே 1967இல் ஹைதராபாத்தில் இந்திய மின்னணுக் கழகம் உருவாயிற்று. முதலில் பதவிகளை வகுத்து அவற்றுக்கு ஆள் தேடுவது வழக்கமான முறை. திறமையுள்ள மனிதரை முதலில் கண்டறிந்து, அவரைச் சுற்றி ஒரு பிரிவை வளரவிடுவது பாபாவின் முறை. அம்முறையில் ஓர் அபாயம் உண்டு. தேர்ந்தெடுத்த மனிதர் தவறினால், அவரைத் தேர்ந்தெடுத்தவரும் தவறியவராகிறார். அந்தப் பழியை முன்கூட்டியே தம் பெயரில் எழுதிக்கொள்ளாமல் ஒருவர் இப்படி ஒரு பொறுப்பைக் கொடுக்க இயலாது.

ஸ்ரீஹரிகோட்டாவில் நிகழ்ந்ததை வாசகர்கள் அறிவார்கள். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி. 3 ஏவுகலம் வங்கக் கடலில் விழுந்தபோது, திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பின்னே நிறுத்திச் செய்தியாளர்களைச் சந்தித்தவர் நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18 அன்று அடுத்த ஏவுகலம் வெற்றி பெற்றபோது அவர் கலாமை முன்னே அனுப்பினார். கலாம் இதை வாழ்நாள் முழுவதும் மேடைதோறும் சொல்லிவந்தார். எத்தனையோ முறை கேட்ட கதை. கேட்டுக் கைதட்டுகிறோம், மறுநாள் அலுவலகம் சென்று, தவறிய கோப்பில் யாருடைய கையொப்பம் இருக்கிறதென்று தேடுகிறோம்.

பட்டம் விடும் நிதி

மாட்டுங்காவில் வேதியியல் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கி, 1943 முதல் மாட்டுங்காவில் இயங்கிவருகிறது. எங்கள் தலைமுறையினருக்கு அது இன்றும் யு.டி.சி.டி.தான். அங்கே 1966இல் பொறியியல் பட்டமும் 1969இல் முனைவர் பட்டமும் பெற்ற ரகுநாத் மஷேல்கர், 1989இல் புணேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். அங்கு அவர் ஒரு சிறு நிதியை ஒதுக்கினார். ஆயிரத்தில் ஒரு பங்கு வெற்றி வாய்ப்பே உள்ளதாகத் தோன்றும் யோசனைக்கும் அந்நிதியிலிருந்து பணம் தரலாம். ‘பட்டம் விடும் நிதி’ என்பது அதன் பெயர். 1995இல் அறிவியல் மற்றும் தொழில் ஆய்வு மன்றத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது, அதே வகையான நிதி ஒன்றை அங்கும் ஏற்படுத்தினார்.

இந்தப் பெயரை நான் மிகவும் ரசித்தேன். மகரசங்கராந்தி சமயத்தில் மும்பையின் மொட்டை மாடிகளைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். பட்டம் அறுந்து போவதை எந்தச் சிறுவனும் குற்றமாகக் கருதுவதில்லை. அறுந்துபோகும் என்று தெரிந்தேதான் நூல் வாங்குகிறான். ஆய்வகத்தின் கணக்குப் புத்தகத்தில் ‘இது தவறுவதற்கான பணம்’ என்று வெளிப்படையாக ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால், தவறியவனை அழைத்து விளக்கம் கேட்க எவருக்கும் உரிமையில்லை. இழப்பை நிறுவனம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது. பணம் எவ்வளவு என்பது பெரிதன்று. அந்த ஒரு வரி எழுதப்பட்டதே பெரிது.

இங்கே எனக்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி எழுப்பப்படலாம். வேதிப்பொருள் ஆலையில் ஒவ்வொருவரும் தத்தம் யோசனையைச் செய்து பார்த்தால் என்னவாகும்? 1984 டிசம்பரில் போபாலில் ஓர் இரவில் நடந்ததை எண்ணினால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்றும் உடல் நடுங்கும். விதி என்பது பெரும்பாலும் எவரோ ஒருவருடைய உயிரைக் கொடுத்து எழுதப்பட்டது. ஓடும் இயந்திரத்தின் தொட்டிக்குள் கையை விடக்கூடாது என்பதும் அத்தகைய விதியே. ஆதலால் அந்தச் சங்கிலியைக் கழற்றச் சொன்னதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

ஆனால் மொட்டை மாடியில் பட்டம் விடும் பிள்ளை விழுந்துவிடுவானென்று பெரியவர்கள் செய்யவேண்டியது என்ன? கைப்பிடிச் சுவர் எழுப்புவது. மாடிக் கதவைப் பூட்டுவது எளிது, நான் பூட்டினேன். “இயந்திரம் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் தருகிறேன், பாதுகாப்பு அதிகாரியும் உடன் இருக்கட்டும், செய்து காட்டுங்கள்” என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 1951 முதலே தொழிலாளர்களின் யோசனைகளை முறையாகப் பெற்றுவருகிறது. பிழை ஒன்றைக் கண்டால் வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தியையே நிறுத்தலாம் என்ற முறையும் அங்கு உண்டு. கட்டுப்பாடும் சுதந்திரமும் பகைவர் அல்ல என்பதற்கு அதைவிடக் கடுமையான ஒழுங்குள்ள இடத்தை எடுத்துக்காட்டாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உபதேசம் யாருக்கு?

இனி, நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானத்துக்கு வருகிறேன். கர்மயோகத்தைப் பணியிடத்துக்குப் பொருத்திப் பேசுவது இப்போது பெருகியிருக்கிறது. மகிழ்ச்சியே. பலனில் நெஞ்சைக் கட்டிவைத்தவனால் புதிதாக எதையும் செய்ய இயலாது என்பது அனுபவ உண்மை. தோற்றால் என்னாகுமோ என்ற கலக்கமும், வென்றால் என்ன கிடைக்கும் என்ற கணக்கும் ஒரே வேரின் இரு கிளைகள். இரண்டும் இல்லாதபோதுதான் கை தானாக வேலையில் தோய்கிறது. அந்தத் தொழிலாளி தம் இரவு நேரத்தில் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தபோது பரிசை எண்ணியிருக்க முடியாது. ஆலையில் அப்படியொரு பரிசு இருப்பதே அவருக்குத் தெரியாது. அவ்வகையில் அவர் கர்மயோகிதான்.

ஆனால் இந்த உபதேசத்துக்கு ஒரு திசை உண்டு. அது நான் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. என்னிடம் ஊதியம் பெறுபவரை நோக்கி நான் அதைச் சொல்லும் கணத்தில் அதன் தன்மை மாறிவிடுகிறது. அவருடைய பலனை நான் எடுத்துக்கொள்வதற்கான சீட்டாகிவிடுகிறது. குருக்ஷேத்திரத்தில் அந்த உபதேசத்தைச் செய்தவன் எங்கே அமர்ந்திருந்தான் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. அவன் தேர் ஓட்டிக்கொண்டிருந்தான். எதிரிகளின் அம்பு முதலில் படக்கூடிய இடம் அது. வெற்றி கிடைத்தாலோ, அது அர்ஜுனனுடையது, அரசு பாண்டவர்களுடையது. உபதேசம் முழுவதையும் கூறி முடித்த பின்னரும், ஆராய்ந்து பார்த்து உனக்குத் தோன்றுவதைச் செய் என்ற கருத்தில் முடிவை அர்ஜுனனிடமே விட்டுவிடுகிறான். தெரிந்தவன் தெரியாதவனிடம் இப்படி நடந்துகொள்வது எத்தனை அலுவலகங்களில் நிகழ்கிறது?

நானோ தேரின் மேல்தட்டில் அமர்ந்துகொண்டு சாரதிக்கு உபதேசம் செய்தேன். பிழையை மெமோவாக அவரிடம் தந்தேன். பலனைக் கடிகாரமாக வீட்டுக்கு எடுத்துவந்தேன். மேலிருப்பவனுடைய கர்மயோகம் இதற்கு நேர் எதிரானதாக இருந்திருக்க வேண்டும்.

ஜம்ஷெட்ஜி டாட்டா 1898 நவம்பர் 23 அன்று சுவாமி விவேகானந்தருக்கு எழுதிய கடிதம் இங்கு நினைவுக்கு வருகிறது. 1893இல் ஜப்பானிலிருந்து கனடா சென்ற கப்பலில் சந்தித்துக்கொண்டவர்கள் இருவரும். இந்நாட்டில் வளர்ந்துவரும் துறவு மனப்பான்மையை அறிவியலின் பக்கம் திருப்புவது பற்றி அக்கடிதத்தில் டாட்டா கேட்டிருந்தார். இந்திய அறிவியல் கழகம் பிறந்த வரலாற்றைச் சொல்பவர்கள் இக்கடிதத்தைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். ஆனால் பிறரிடம் துறவைக் கேட்டவர் தாம் என்ன செய்தார் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். பம்பாயில் தமக்கிருந்த கட்டடங்களையும் நிலங்களையும் அந்நிறுவனத்துக்கென எழுதிவைத்தார். அதற்குத் தம் பெயரைச் சூட்டவும் விரும்பவில்லை. 1904இல் அவர் மறைந்தார். 1909இல் கழகம் பிறந்தது. பெங்களூர் மக்கள் மட்டும் விடாப்பிடியாக ‘டாட்டா இன்ஸ்டிடியூட்’ என்றே அதை அழைத்துவருகிறார்கள்.

உருப்படிக் கூலி

இதுவரை சொன்ன எடுத்துக்காட்டுகளில் ஒரு குறை உண்டு. ஆய்வகத்திலும் ஏவுதளத்திலும் இருப்போர் மாதச் சம்பளம் பெறுவோர். தவறினாலும் மாத இறுதியில் வீட்டில் உலை கொதிக்கும். தாராவியில் அப்படியில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழர்கள் தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டார்கள். பதனிடும் வேலை பெரும்பாலும் அங்கிருந்து வெளியேறிவிட்டது. பையும் பணப்பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறைகள் இன்றும் உள்ளன. கும்பார்வாடாவில் குஜராத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் பஞ்சுக் கழிவையும் துணிக் கழிவையும் எரித்துச் சூளை போடுகின்றன. பதின்மூன்றாம் காம்பவுண்டில், நகரம் தூக்கியெறிந்த பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்து ஓசையாலும், கொளுத்திப் பார்த்து மணத்தாலும் வகை பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கல்லூரியிலும் கற்பிக்கப்படாத அறிவு அது. நிர்வாகவியல் அறிஞர்கள் தாராவிக்கு வந்து இதையெல்லாம் வியந்து, ‘ஜுகாட்’ என்ற இந்திச் சொல்லால் உலகெங்கும் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்கு உவப்பாக இல்லை. இல்லாமையால் பிறந்த சாமர்த்தியத்தை மெச்சுகிறவர்கள், அந்த இல்லாமையைப் பற்றிப் பேசாமல் விமானம் ஏறிவிடுகிறார்கள்.

உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஒரு பையை வேறு விதமாக வெட்டினால் தோல் மிச்சமாகும் என்று அவருக்குத் தோன்றுகிறது. வெட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி இல்லை, ஏனெனில் உருப்படி எதுவும் முடியவில்லை. வெட்டு தவறினால் தோலின் விலை யார் தலையில் விழும் என்பது முதலாளியின் குணத்தைப் பொறுத்தது. வெற்றி பெற்றாலோ, மிச்சமாகும் தோல் முதலாளியுடையது. இந்த நிலையில் அவர் வாய் திறக்காமல் பழைய அளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தால், அவருக்குப் படைப்பாற்றல் இல்லையென்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆயுதபூஜை அன்று அதே பட்டறையில் தையல் இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். வணங்கவேண்டியதே. அந்த இயந்திரத்தின் குறை என்ன, அதை எப்படித் தீர்க்கலாம் என்று அறிந்த கைகளும் அருகிலேயே நின்று கற்பூரத்தை ஒற்றிக்கொள்கின்றன.

என் ஆலையிலும் இழப்பு அவ்வாறே நிகழ்ந்தது. சங்கிலி வந்தது, சுத்தியல் ஓய்ந்தது. ஆனால் அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் அந்தப் பிரிவில் இருந்த அவர் ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. நல்ல தொழிலாளியாக இருந்தார், சொன்னதைச் செய்தார். நானே சில முறை, “ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்” என்று கேட்டதுண்டு. “நீங்களே பார்த்துச் செய்யுங்கள் சார்” என்பார். அதில் மனத்தாங்கலின் சாயல்கூட இருக்காது. அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் அவர் என்னவெல்லாம் கண்டிருப்பார், எவற்றையெல்லாம் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டார் என்பதை எந்தத் தணிக்கையாளராலும் கணக்கிட முடியாது.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாள், அந்தக் கடிகாரத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு தாராவிக்குச் சென்றேன். தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் வீடு. கீழே அவருடைய மகன் நான்கு தையல் இயந்திரங்களை வைத்துப் பைகள் தைக்கும் பட்டறை நடத்திவந்தார். மேலே குடும்பம். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். ஆண்டு விழாவையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓடுகிறதா சார்?” என்று கேட்டார். “ஓடுகிறது” என்றேன். “அப்படியானால் கீழே மாட்டச் சொல்கிறேன். இங்கே ஆணியடிக்க இடமில்லை” என்று சிரித்தார்.

கீழே ஒரு பையன் பழைய ரெக்ஸின் துண்டு ஒன்றில் புதிய வடிவம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டிப் பழகுவதற்கும் அரை நாள் கூலி உண்டு என்று மகன் சொன்னார். “அப்பா போட்ட விதி. நான் வேண்டாமென்றுதான் சொன்னேன், கட்டுப்படியாகாது. கேட்கவில்லை.”

விடைபெறும்போது பெரியவர் சந்து முனைவரை உடன் வந்தார். நான் மீண்டும் அந்தச் சங்கிலியைப் பற்றிப் பேச்செடுத்தேன். ஆலையின் பழைய இரும்புக் குவியலிலிருந்துதானே எடுத்தீர்கள், அதையும் மெமோவில் குற்றமாக எழுதாமல் விட்டேனே என்று வேடிக்கையாகச் சொன்னேன். “இல்லை சார். என் சைக்கிள் சங்கிலி அது. கூலி வந்து வேறு சங்கிலி வாங்கும்வரை, பதினோரு நாள் நடந்துதான் வேலைக்கு வந்தேன். மழை வேறு” என்றார் அவர்.